உது உம்மடை உண்மை

கொடிகாமம் சந்தையில் நேற்று ஒரு மாம்பழக்காரரோடு எனக்குக் கொழுவல் வரப் பார்த்தது. தேனாய் இனிக்கும் கறுத்தக்கொழும்பான் என்று சத்தியம் செய்து, ஒரு துண்டு வெட்டியும் தந்தார். பல் கூசியது.

"புளிக்குது தம்பி" என்றேன்.

"உது உங்கடை வாய்க்கு, அக்கா. என்ரை வாய்க்கு இனிக்குது."

மற்ற நேரமென்றால் சண்டை பிடித்திருப்பேன். சிரிப்பு வந்துவிட்டது. இதே நியாயம் பேசிய ஒருவரைத்தான் நான் கலியாணம் கட்டினேன்.

அப்போது மானிப்பாயில் ஒரு ரியூட்டரி, காசுக்குப் பாடம் சொல்லும் இடம். கிடுகுக் கொட்டில், நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் நான் கணிதம். அந்தப் பக்கம், மெய்யியல் படித்துவிட்டு வந்த அவர் அளவையியல், அதாவது தர்க்கம். "உண்மை ஆளுக்கு ஆள் வேறை" என்று அவர் படிப்பிப்பது எனக்குக் கேட்கும். போர்க்காலத்தில், உண்மை தங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்றவர்களிடம் நாங்கள் எல்லோரும் பட்ட பாட்டில் மனுஷன் அப்படி ஆகியிருந்தார். அதுவரை சரிதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு என் வகுப்புப் பெட்டை ஒருத்தி பிழையான விடையைக் காட்டி, "இது என்ரை உண்மை, ரீச்சர்" என்றால் எப்படிப் பொறுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

தட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

"ஆளுக்கு ஆள் வேறை எண்டு சொல்லுறீர். உது எல்லாருக்கும் உண்மையோ, உமக்கு மட்டுமோ?"

எல்லாருக்கும் என்றால் கொள்கை போச்சு. தனக்கு மட்டும் என்றால் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஏன் படிப்பிக்க வேண்டும்? கரும்பலகைக்குப் பக்கத்தில் வெண்கட்டியோடு முழித்துக்கொண்டு நின்றார். அந்த முழியில்தான் நான் விழுந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் வீட்டில் எனக்குக் கனடா மாப்பிள்ளை பேசினார்கள். கேள்விப்பட்டவர் சைக்கிளைக் குறுக்கே விட்டு மறித்தார்.

"உமக்கு என்னிலை விருப்பம். எனக்குத் தெரியும்."

வாய் சும்மா இருக்குமா?

"உது உம்மடை உண்மை" என்றேன்.

எங்கள் ஊர்ப் பேச்சில் மூன்று சுட்டு உண்டல்லவா? இது என் பக்கம், உது உங்கள் பக்கம். அது, இரண்டு பேர் கையிலும் இல்லாமல் அப்பால் நிற்பது. அவர் முகம் கறுத்துப் போனது. பிறகு ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"இதுவும் இல்லை, உதுவும் இல்லை. அது உண்மை! நீர் ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் உண்மை!"

ஓம் என்றேன். கனடா தப்பியது.

தாலி ஏறியதும் பழைய கொள்கை திரும்பி வந்துவிட்டது. அவர் வைத்த குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்றால், "உது உம்மடை நாக்கு" என்பார். நாங்கள் வாதாடாமல் சாப்பிட்டு எழும்பிய நாள் இல்லை.

ரியூட்டரி நின்ற இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட மாடிக் கடை. அவரும் போன மாரிக்காலத்தில் நெஞ்சு நோகுதென்று படுத்தவர் எழும்பவில்லை. வீட்டில் இப்போது நான் சொல்வதெல்லாம் உண்மைதான். மறுத்துச் சொல்ல ஆளில்லை.