பாசியும் பேயும் பாதி ஆழமும்

மில்லுச் சங்கு ஊதினால் காதுக்கு முன்னால் பல் அதிரும். விக்கிரமசிங்கபுரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். ஷிப்டு மாறும் அந்த நீண்ட ஊதல் ஓய்வதற்குள் ஆடி முடிக்க எங்களுக்கு ஓர் ஆட்டம் இருந்தது, "சங்காட்டம்." பழைய பேப்பர் கடையில் கிடைத்த உயிரினப் புத்தகத்தைச் சீட்டுகளாக வெட்டி, ஆற்றுப் பாறையில் கவிழ்த்துப் போட்டு, இரண்டை உருவுவோம், இரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று சங்கு நிற்பதற்குள் சொல்லத் தெரியாதவள் "கசம்" என்ற ஆழ்மடுவில் குதிக்க வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. தெரியும் என்று பீற்றி வைத்திருந்தேன்.

அன்று எனக்கு வந்தது லைக்கோபோடியம், சவுக்குக் கொழுந்தை ஒடித்து நட்டதுபோல ஒரு பாசிச்செடி. அடுத்தது டாஸ்மேனியப் பேய், எலும்பையும் விடாமல் தின்னும் கறுப்பு விலங்கு. சங்கு தொடங்கிவிட்டது. ஒன்று வெயிலைத் தின்கிறது, ஒன்று பிணத்தைத் தின்கிறது. ஒன்று ஊமை, ஒன்று அலறல். எங்கே பொருத்துவது, எதை எதோடு கட்டுவது?

"ஏட்டி, சொல்லுதியா, குதிக்கியா?" என்றாள் அடுத்த வீட்டுப் பொன்னுத்தாய், என்னைவிட மூத்தவள்.

கீழே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. ஊதல் தேய்ந்து இறங்குகிற கடைசி மூச்சில், படங்களுக்கடியில் இருந்த பொடி எழுத்துகள் கண்ணில் பட்டன: இலைக்கக்கத்தில் வித்துப்பை, வயிற்றில் குட்டிப்பை.

"ரெண்டும் பிள்ளையப் பைக்குள்ள வச்சிருக்கு!"

சங்கு நின்றது. பொன்னுத்தாய் சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள்.

"பேய் பைக்குள்ளயே பால் குடுக்கு. பாசி பையத் தொறந்து காத்துல விட்டுருது. பெத்தா போதுமாட்டி? பாதிப் பொருத்தந்தான். பாதி ஆழத்துக்கு வா."

மற்றவர்கள் கெக்கலித்தார்கள். பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கழுத்தளவுத் தண்ணீரில் காலடி மணல் நழுவியபோது, கூடவே இறங்கியிருந்த பொன்னுத்தாயின் கை என் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. "ஒனக்கு நீச்சத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ளா. பைய நில்லு," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

இப்போது அந்தப் பாறையைச் சுற்றிக் கம்பிவேலி. பொன்னுத்தாய் திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதோடு செய்தி இல்லை. நான் இன்னும் நீந்தக் கற்கவில்லை. எப்போதாவது ஆற்றில் இறங்கினால் இடுப்பளவோடு நின்றுகொள்கிறேன். கழுத்தளவுக்குப் போக ஒரு கை வேண்டும்.