உள்ளே போனால்தான் மருந்து

மருந்துக்கடைக்காரன் கையில் மருந்து இருக்கலாம், மூஞ்சியில் இருக்கக் கூடாது. என் மூஞ்சியில் இருந்தது. ஜோஷ்வா அப்போதுதான் துப்பியிருந்தான்.

முதல் துப்பல்

பத்தாவதோடு போதும் என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு நின்ற காலம் அது. ஜோஷ்வாவுக்கு ரெண்டு வயசு, இதயத்தில் ஓட்டை. எடை ஏறினால்தான் ஆபரேஷன். அதுவரை மூச்சு வாங்காமல் இருக்க தினம் மூன்று வேளை மருந்து. ஆனால் அந்த மாத்திரை பெரியவர்களுக்காகச் செய்தது. டாக்டர் எழுதின அளவுக்கு எங்கள் பார்மசிஸ்ட் ஷபானா மேடம் அதைப் பொடித்து, நிறுத்து, குட்டிப் பொட்டலமாக மடித்துத் தருவார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. துப்பினால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. டாக்டரைக் கேட்காமல் இன்னொன்று கொடுக்கவும் கூடாது. போன வேளை போனதுதான்.

எப்படிக் கொடுப்பது என்று கேட்டு அவன் அம்மா ஸ்டெல்லா அக்கா கடைக்கே தூக்கி வந்திருந்தார். கே.ஜி.எஃப்.காரர், வைத்தியத்துக்காக இங்கே ரூம் எடுத்திருந்தார். "இது ஒரு விஷயமா, குடுங்க" என்று வாங்கினவன் நான்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் அக்கா சொல்கிறார்: "இன்னா தம்பி, எனக்கு தெனம் மூணு வாட்டி இப்டித்தான். நீ ஒரு வாட்டிக்கே சுளிக்கிற?"

மருந்துக் கரண்டியோடு கட்டிலைச் சுற்றி ஓடினவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்லி விளங்காது.

பால் புட்டி

கொஞ்ச நாளில் அக்கா சந்தோஷமாக வந்தார். இப்போது துப்புவதே இல்லையாம், பால் புட்டியில் கலந்துவிடுகிறாராம். ஆனால் எடை மட்டும் ஏறவில்லை, மூச்சும் வாங்குகிறது. புட்டியை முழுசாகக் குடிக்கிறானா என்று மேடம் கேட்டார். எந்தக் குழந்தை குடித்தது? பாதிப் பால் மிச்சம், அதிலே பாதி மருந்து.

"மிச்சப் பாலை என்ன பண்றீங்க?"

"வீணாக்குவாங்களா மேடம்? அவங்கப்பா காபியில ஊத்திக்குவாரு."

மேடம் நெற்றியில் கை வைத்தார். "அரே அல்லா! பாதி வைத்தியம் வீட்டுக்காரருக்கா நடக்குது?"

ஊசி இல்லாத ஊசி

மேடம் வேறு வழி சொன்னார். பொட்டலத்தை ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்து ஓரமாக மெதுவாக விட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஊசிக் குத்து வாங்கியே வளர்ந்த பிள்ளை அவன். சிரிஞ்சைப் பார்த்ததுமே தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அலறினான்.

எனக்குப் பொறுமை கிடையாது. வெறும் தண்ணீரை நிரப்பி அவன் கையிலேயே கொடுத்து, "நீயே எனக்குப் போடு" என்று வாயைத் திறந்தேன். அலறல் நின்றது. பிஸ்டனை அமுக்கினான், பாதி என் மூக்குக்குள் போனது. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அவனே வாயைத் திறந்தான். அன்றிலிருந்து தினம் சாயங்கால வேளை கடையில்தான். முதலில் எனக்குத் தண்ணீர், அப்புறம் அவனுக்கு மருந்து. ஒருநாள் கேஸ் மாத்திரைக்கு நின்றிருந்தவர் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டார்: "எனக்கும் இப்டி ஊட்டிவிட்டா நானும் ஒழுங்கா போட்டுக்குவேன்பா."

எடை ஏறியது. ஆபரேஷனும் நடந்தது.

வராதே

நான் சேர்ந்த அன்றே மேடம் சொல்லியிருந்தார்: நம் கடையை விட்டுப் போகிறவர்களிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லாதே, "இனிமே வராதீங்க" என்று சொல். மருந்துக்கடையில் அதுதான் வாழ்த்து.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து டாக்டர் ஜோஷ்வாவின் மருந்தை நிறுத்தினார். ஊருக்குப் புறப்படும் வழியில் ஸ்டெல்லா அக்கா அவனோடு வந்தார். சட்டைக் காலருக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்தது, கையில் அதே சிரிஞ்சு. கடைசியாக ஒருமுறை எனக்குத் தண்ணீர் போட்டான். மேடம் கவுண்டருக்குள்ளிருந்து என் முதுகில் ஒரு இடி இடித்தார்: "சொல்லுடா!"

இப்போது நான் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறேன். துப்ப ஆளில்லை, சட்டை சுத்தமாக இருக்கிறது; அதுதான் பிடிக்கவில்லை.

அன்று நான் வாயைத் திறப்பதற்குள், ஆட்டோவில் ஏறின ஜோஷ்வா தலையை நீட்டிக் கேட்டான்: "அண்ணா, வரட்டா?"

வராதேடா என்று சொல்ல வேண்டிய ஒரே இடத்தில், "வாடா" என்று கத்தித் தொலைத்தேன்.