அத்தை எழுந்து போனால் கோணிக்கொள்ளும் கார்டு

மண்ணெண்ணெயும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை... இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது. எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் எங்களுடைய ஒற்றை அறை வீட்டில் மீன் குழம்பு வாசனையையே அது அமுக்கிவிடும்.

எனக்குக் கல்யாணமான புதுசு. வீட்டுக்காரர் லூர்துவுக்கு ஹார்பரில் வேலை. ஒருநாள் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரு இரும்புச் சாமானோடு வந்து இறங்கினார். கைப்பிடியை அழுத்தினால் அச்சடிக்கும் சின்ன மிஷின். வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரிடமோ வாங்கினாராம்.

"இனிமே வூட்லயே விசிட்டிங் கார்டு அடிக்கலாம் ஸ்டெல்லா!" முகமெல்லாம் பல்.

அத்தை, அதான் என் மாமியார், மிஷினை மேலும் கீழும் பார்த்தார். "மனுசன் படுக்கவே எடம் இல்ல. இது எங்க படுக்கும்?"

"மொத ஆர்டரு நல்லா வரலன்னா நானே இத வித்துட்றேம்மா" என்று இவர் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதல் ஆர்டர், இவருடைய தோஸ்து மைக்கேலுக்கு. காசிமேட்டில் போட் என்ஜின் ரிப்பேர் கடை திறக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் வந்து கடையை மந்திரித்துத் திறந்து வைப்பார், வருகிற படகுக்காரர்களுக்கெல்லாம் கார்டு கொடுக்க வேண்டும்.

மிஷினில் கார்டு வைக்கிற இடத்தில் மூன்று குண்டூசி குத்தியிருக்கும். அடியில் இரண்டு, இடது ஓரத்தில் ஒன்று. மூன்றிலும் கார்டு முட்டி நின்றால்தான் எழுத்து நேராக விழும். இவர் கார்டை வைப்பார், நான் கைப்பிடியை அழுத்துவேன்.

முதல் சில கார்டுகள் அச்சு அசலாக வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை, மீன் வாங்க எழுந்து போனார். அவ்வளவுதான்... மைக்கேல் பெயர் மேடேற ஆரம்பித்துவிட்டது!

எழுத்து அடுக்கிய கட்டை ஆடுகிறது என்று அதை இறுக்கினோம். அதற்குள் அத்தை வந்துவிட்டார். அடித்துப் பார்த்தால் நேராக வந்தது. அப்பாடா என்றிருந்தது. மறுநாள் அத்தை கோயிலுக்குப் போனார். மறுபடியும் கோணல். மேஜைக்கால் ஆடுகிறது என்று பேப்பரை மடித்து அடியில் சொருகினோம். அத்தை திரும்பி வந்து உட்கார, கார்டும் ஒழுங்காகிவிட்டது.

"நான் செபமால சொன்னாத்தான் உங்க மிசினு ஒயுங்கா ஓடுது" என்றார் அத்தை.

இவர் அதை நம்பியே விட்டார்! "நீ எழுந்துக்காதம்மா" என்று அவர் நாற்காலிக்கே டீ கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அத்தை உட்கார்ந்திருந்தால் கார்டு நேராக வந்தாலும் வேலை நகரவே இல்லை. இவர் ஒவ்வொரு கார்டையும் தடவித் தடவி வைத்தார். கீழே வேறு போட்டார். அந்த வேகத்தில் போனால் ஞாயிற்றுக்கிழமை இல்லை, அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் முடியும்.

சனிக்கிழமை காலை. அத்தை தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார். இவர் கடகடவென்று கார்டை வைத்துக்கொண்டே போனார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இவர் கையிலிருந்த கார்டு, இடது கையிலிருந்து வலது கைக்குத் தாவியது.

நான் கைப்பிடியை விட்டுவிட்டேன்.

"இன்னாங்க, நீங்க பீச்சாங்கையா?"

மனுஷன் காது சிவந்துவிட்டது. செருப்புச் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போனதும் மெதுவாகச் சொன்னார். சின்ன வயதில் முதல் நன்மை, அதாவது சாமியார் கையால் முதன்முதலாக அப்பம், வாங்கிய அன்று, கோயிலில் எல்லோர் முன்னாலும் இடது கையால் சிலுவை போட்டுவிட்டாராம். அத்தைக்கு மானமே போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையைத் துணியால் கட்டிவிட்டாராம்.

"அம்மா இருந்தா கை தானா மாறிடுது ஸ்டெல்லா. எனக்கே தெரியல..."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

விஷயம் இவ்வளவுதான். இடது கையால் வைக்கும்போது, இடது ஓரத்துக் குண்டூசியில் இவர் கட்டைவிரல் போய் முட்டியது. அதனால் கார்டின் இடது மூலை அடி ஊசியில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றது. நான் அந்த ஊசியைப் பிடுங்கி வலது ஓரத்தில் குத்தினேன். கார்டுகள் பறந்தன, ஒன்றுகூடக் கோணவில்லை.

குடத்தோடு அத்தை உள்ளே வந்தார். இவர் கை மாறியது. இப்போது நேர்மாறாக, அத்தை இருக்கும்போது கோணல்!

"அத்தே, கொஞ்ச நேரம் வெளிய உக்கார்றீங்களா?" என்று கேட்டே விட்டேன்.

"இன்னாத்துக்கு? நான் இருந்தாத்தான நேரா வரும்?"

அத்தை கார்டைப் பார்த்தார், ஊசி இடம் மாறியிருப்பதைப் பார்த்தார், கடைசியில் மகன் கையைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைத்தார்.

"டேய் லூர்து... கல்யாணம் கட்டி ஆம்பளையாயிட்ட. இன்னுமாடா என்னப் பாத்து கைய ஒளிக்கிற?"

இவர் தலை நிமிரவில்லை. அத்தை அடுக்கிலிருந்து ஒரு வெற்றுக் கார்டை எடுத்து இவர் இடது கையில் வைத்தார்.

"போடு. பீச்சாங்கையிலயே போடு. சிலுவ மட்டும் சோத்தாங்கையில போட்டுக்கோ."

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மைக்கேல் கடையில் கார்டு காலி. மிஷினும் பல வருஷம் எங்களோடுதான் படுத்தது.

போன வாரம் பேத்தி லேப்டாப்பில் அவளுடைய கார்டை டிசைன் செய்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு கிளிக்... பெயர் நட்ட நடுவில் போய் நின்றது. குண்டூசி இல்லை, மை துடைக்க மண்ணெண்ணெய் இல்லை. சப்பென்றிருந்தது எனக்கு. இவர் ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. மவுஸைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ன யாரும் ஒண்ணும் சொல்றதில்லையாம்மா?" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "எதுக்கு தாத்தா?"