யூசுப் அண்ணை இடித்த அறை

வேலை இடைவேளையில் யூசுப் அண்ணையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா காலமை போயிட்டார்" என்றாள். "ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு மிச்சப் பாணைச் சாப்பிட்டு முடித்தேன். பிறகு வழக்கம்போலக் காற்றாலை இறக்கையைத் தேய்க்கப் போனேன். வீட்டில் சொன்னதும் மனைவி அழுதாள். "உங்களுக்கென்ன கல்நெஞ்சே?" என்று கேட்டாள்.

டென்மார்க்கில் எங்கள் பிராண்டே காற்றாலைத் தொழிற்சாலைத் தமிழருக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: யூசுப் அண்ணை பாலஸ்தீனர். பெய்ரூட் நகரத்துக்கு நடுவே ஒரு சின்ன அகதி முகாமில் பிறந்தவர். நாங்கள் கதைத்ததெல்லாம் டேனிஷில். என் தமிழில்தான் தர முடியும்.

முகாம் எவ்வளவு பெரிது என்று ஒருநாள் கேட்டேன். "எங்கட தொழிற்சாலையில கார் நிப்பாட்டுற இடமளவு வரும்" என்றார். பகிடியென்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. சுற்றிவர நகரம், ஓரடி தள்ளிக் கட்ட ஏலாது. மகனுக்குக் கலியாணமென்றால் தகப்பன் வீட்டின்மேல் ஓர் அறை எழும்பும், பேரனுக்கு அதற்கும் மேலே. "நீங்கள் காணி பிரிப்பியள், நாங்கள் வானத்தைப் பிரிக்கிறம்" என்பார்.

ஓய்வுபெற்றதும் அங்கே போய்க் கண்ணை மூட வேண்டும். அது ஒன்றுதான் அவருடைய ஆசை. தங்கை ஆமினாவின் வீட்டுக்கு மேலே தனக்கென்று ஓர் அறை கட்டுவித்தார். பார்த்துவிட்டு வரப் போனவர், திரும்பி வந்து "இடிக்கச் சொல்லிட்டன்" என்றார். எதிர்வீட்டுக் கிழவி மத்தியானத்தில் வாசலில் கதிரை போட்டு இருப்பாளாம். அந்தக் குறுகின தெரு ஒழுங்கையில் விழுந்த கடைசி வெயில் அதுதானாம். புது அறை அதை மறைத்துவிட்டது. கிழவி ஒரு சொல் முறையிடவில்லை. கதிரையை உள்ளே எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

"விசரே அண்ணை உங்களுக்கு? ஊரெல்லாம் கட்டுது, நீங்கள் மட்டும் இடிக்கிறியள்!" என்று கத்தினேன்.

"அங்க எல்லாரும் அதைச் சொல்லித்தான் கட்டுகினம்" என்றார்.

அடுத்த வருடமே ஆமினாவின் பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பினார். வெயில் போயே போய்விட்டது. "இதுக்கோ அறையை இடிச்சனியள்?" என்று கேட்டேன். அவரோ தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இடிச்ச பிறகு வந்த குளிர்காலம் முழுக்க அந்தக் கிழவி வெளியில இருந்தவ."

இங்கேதான், மழைக்குள், அடக்கம் செய்தோம். விசாலமான இடம். யாரோடும் முட்டாமல் கிடக்கிறார்.

அவருடைய பொறுமையைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கு மிஞ்சியது கோபம். அந்த அறையில் படுத்து, தங்கை கையால் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போகவேண்டிய மனிதர். கிழவியின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அவளைக் கண்டு ஒன்று கேட்க வேண்டும் போலிருக்கிறது: அந்தக் குளிர்காலம் வெயில் நன்றாக இருந்ததா என்று.