குழாய்க்குத் தெரியுமா கிடார்

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த அமல்தாஸ், வாரநாளில் தொழிற்சாலை ஃபிட்டர், திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவின் கிடார்காரர். "உங்க கிடார் காதைக் கிழிக்குது" என்று மனைவி ரோஸியே சொல்லிவிட்டதால் ரோஷம் வந்து, ஒலியின் கீச்சையும் கனத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஓர் ஈக்வலைசர் வாங்கினார். அதன் குமிழ்களை மாற்றி மாற்றித் தள்ளி, கீச்சென்று குத்தும் ஒலி எந்தக் குமிழில் இருக்கிறதென்று வீட்டிலேயே கண்டுபிடித்து அதைக் கீழே இறக்கினார். கிடார் தேனாய் இழைந்தது. ரோஸிகூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

காட்டுப்பாக்கம் திருவிழா மேடையில் அதே கிடார் ஊமையாகிவிட்டது. மைக்செட் ஏகாம்பரம் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்.

"ஏன்யா, நல்ல பாக்ஸ் ஸ்பீக்கர் வைக்கக் கூடாதா?"

"பாக்ஸு வெச்சா மேடைக்கு முன்னால கீறவனுக்குத்தான் கேக்கும். குழா வெச்சாத்தான் ஊருக்கே கேக்கும். குழால வர்றதே அந்தக் கீச்சுதான் அண்ணாத்தே. அத்தயும் நீ எடுத்துட்டா இன்னா வரும்?"

அமல்தாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, இறக்கிய குமிழைப் பழையபடி உச்சிக்கு ஏற்றினார். மரத்திலிருந்து ரம்பம் அறுப்பதுபோல் கிடார் கிளம்பியது.

கூட்டம் விசிலடித்து ஒன்ஸ்மோர் கேட்டது. கிடாரை ஏகாம்பரத்தின் மண்டையில் உடைக்க வேண்டும்போல் இருந்தது அமல்தாஸுக்கு. உடைக்கவில்லை. ஒன்ஸ்மோர் வாசித்தார்.