தேன்மொழியும் பீமில் ஒட்டிய நீல நாரும்

தேன்மொழி போய்விட்டாள். காலையில் அவள் கணவர்தான் போன் செய்தார்... நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

போலீஸ் கேஸ்களில் சிக்கும் பிளாஸ்டிக், பெயின்ட், நூல், கயிறு எல்லாம் டெஸ்ட்டுக்கு வரும் லேபில் நாங்கள் ஒரே பேட்ச். பக்கத்துப் பக்கத்து டேபிள். ஸ்ரீபெரும்புதூர்க்காரி.

அவளோடு புடவைக் கடைக்குப் போகவே எனக்குப் பயம். ஒருமுறை "ப்யூர் சில்க்" என்ற கடைக்காரரிடம் ஒரு நூலை வாங்கி, வாசலில் நின்று தீக்குச்சியைக் கிழித்தாள். பட்டென்றால் கருகிச் சாம்பலாகும்; அந்த நூல் உருகி உருண்டையாகிவிட்டது.

"பாலியஸ்டர்ண்ணா. நல்லாத்தான் கீது, எடுத்துக்கறேன். பட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க."

பிறகு அந்த ஒரகடம் கேஸ்...

புது ஷெட்டின் கூரை வேலையில் இசக்கிமுத்து என்ற திருநெல்வேலி இளைஞர் விழுந்து இறந்துபோனார். "சேஃப்டி பெல்ட் கயிற்றை மேலே மாட்டவேயில்லை, அவன் தப்பு. விழும்போது கயிறு கீழே எதிலோ சிக்கித்தான் அறுந்தது" என்றார் கான்ட்ராக்டர்.

ஸ்பாட்டில் சூப்பர்வைசர் எங்களை மறித்தார். "மேடம், சேலை கட்டிகினு மேல எப்டி ஏறுவீங்க?"

"ஏறுவேன். பெல்ட் குடுங்க. அறுவாத பெல்ட்டா பாத்து குடுங்க."

ஏறினாள். இரும்பு பீமின் விளிம்பில் உருகி ஒட்டியிருந்த நீல நாரைச் சுரண்டிக்கொண்டு இறங்கினாள்.

இன்ஃப்ராரெட் மெஷினில் வைத்துப் பார்த்தோம். அந்த நாரும் இசக்கிமுத்துவின் பெல்ட் கயிறும் ஒரே பாலிப்ரொப்பிலீன், ஒரே சாயம். பெல்ட்டின் லேபிளில் நைலான் என்று போட்டிருந்தது! பாலிப்ரொப்பிலீன் விலை மலிவு; உரசல் சூட்டில் நைலானைவிடச் சீக்கிரம் உருகிவிடும்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் தேன்மொழியை விடவில்லை. "இதே கயிறு எல்லாக் கடையிலயும் கிடைக்கும்தானே?"

"கிடைக்கும் சார். ஆனா அறுந்த முனை உருகியிருக்கு. அவர் விழுந்த எடத்துக்கு நேர் மேல பீம்லயும் உருகி ஒட்டியிருக்கு. கீழ சிக்கி அறுந்தா உருகாது. மேல மாட்டி, அவர் வெயிட்டுக்கு பீம் விளிம்புல உரசியிருந்தாதான் உருகும்."

மாற்றி மாற்றிக் கேட்டார். அதே பதில். குரல்கூட உயரவில்லை.

கான்ட்ராக்டருக்குத் தண்டனை கிடைத்தது. வெளியே இசக்கிமுத்துவின் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந் தம்பி மேலதான் தப்புன்னு எல்லாரும் சொன்னாவம்மா... அவன் மாட்டித்தான இருந்தான்?"

"மாட்டித்தாம்மா இருந்தாரு."

மூக்கைச் சிந்திக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள் என் தேன்மொழி.

நாளைக் காலை ஸ்ரீபெரும்புதூரில் அடக்கம். அந்த அக்காவுக்கும் சொன்னேன். "இப்பமே பஸ் ஏறுதேன்" என்றார்.

உன் டேபிளில் பாதியில் நிற்கும் டெஸ்ட்டை நான் முடிக்கிறேன், தேனு... போய் வா.