கடல் சாமந்தியும் கோரையும்

பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில். தவளையின் குடலோ அவரை விதையின் உள்பக்கமோ, நேரில் பார்க்காமல் கோடு போடமாட்டாள். ஒருநாள் பக்கவாதம் வந்து வலது கையைச் சாய்த்துவிட்டது. அசைவு மெல்லத் திரும்பியது. விரல்களில் உணர்ச்சி மட்டும் வரவில்லை. பென்சில் நழுவித் தரையில் விழும் சத்தம் கேட்டால்தான், கையில் அது இல்லை என்று தெரியும்.

வீட்டோடு வந்து தங்கிப் பார்த்துக்கொண்டவள் நாத்தனார். தையல்காரி, வாயும் கத்தரிதான்.

அந்தச் சமயம் பதிப்பாசிரியர் ஒரு படம் கேட்டார். ஒரு பாதியில் கடல் சாமந்தி, மறு பாதியில் கோரை. முதலாவது பூவைப் போலிருக்கும் விலங்கு. மற்றது புல்லைப் போலிருக்கும், ஆனால் புல் வகையில் சேராத பூச்செடி. இரண்டையும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றாள்.

"நீங்க வரையற வரைக்கும் அந்தப் பக்கம் காலியாவே இருக்கட்டும்மா" என்று போனை வைத்துவிட்டார்.

நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "வரைய வேணாம் அண்ணி. சும்மா பாத்துட்டு வருவோம், வாங்க."

கல்லூரி ஆய்வகத்தின் கண்ணாடித் தொட்டியில், கல்லைப் பற்றிக்கொண்டு விரிந்திருந்தது கடல் சாமந்தி. உதவியாளரிடம் கேட்டுக்கொண்டு வலது விரலை நீட்டினாள். இதழ் போன்ற அதன் கைகள் விரலில் ஒட்டின. கண்ணுக்குத் தெரிந்தது; விரலுக்குத் தெரியவில்லை. மறுகணம் அது சுருங்கி உருண்டையானது.

"முதுகெலும்பு இல்லாத இதுக்குக்கூட நான் தொட்டது தெரியுது. எனக்குத் தெரியலயே."

நாத்தனார் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே வாய்க்கால் ஓரம் நின்ற கோரையில் ஒரு தண்டைக் கிள்ளி அண்ணியின் கையில் வைத்தாள். அவள் ஏதோ நினைவாக அதை இரு விரல்களுக்கு நடுவே உருட்டினாள். புல் தண்டென்றால் வழுவழுவென்று உருண்டிருக்கும். கோரைத் தண்டுக்கு மூன்று பட்டை. அதன் ஓரம் விரலில் முட்டியது. இன்னொரு முறை உருட்டினாள்.

"ஏய், குத்துதுடி!"

"எந்தக் கையில?"

"வலது கையில! ஓரம் தெரியுதுடி!"

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்பாங்க. உங்களுக்கு வைத்தியமே பாத்துடுச்சே!"

"இது புல் இல்லடி. எத்தன தடவ சொல்றது!"

படத்தை முடிக்க மழைக்காலம் முழுதும் ஆனது. கடல் சாமந்தியின் நெளிந்த கைகளுக்கு அவள் விரல்களில் மிச்சமிருந்த நடுக்கம் பொருந்திப் போனது. கோரையின் நேர்கோடுகளுக்கு மட்டும் நாத்தனார் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தாள். புத்தகம் வந்தபோது படத்தின் அடியில் இருவர் பெயரும் இருந்தன.

"ஐயோ அண்ணி, நான் கையத்தானே புடிச்சேன்?"

"ஆமா. அதுக்குத்தான்."